நோட்டில் இல்லாத வீடு

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் இருப்பேன். கோவிலில் கும்பிட்டு முடித்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழ வேண்டும் என்பார்கள். உட்காருவதுபோல் குனிந்து, அப்படியே நிமிர்ந்து செருப்பைத் தேடப் போய்விடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவார். அந்தச் சக்கரத்தை நானாகக் கட்டிக்கொள்ளவில்லை. கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தேன். தோட்டத்தை விற்றார்கள், தகரக் கூரை போட்ட தற்காலிக வீட்டுக்குப் போனோம். தற்காலிகம் எட்டு வருடம் நீடித்தது. அப்புறம் வாடகை அறைகள், அண்ணன் வீட்டுப் பின்கட்டு, மறுபடியும் வாடகை. ஐம்பத்தேழு வயதுக்குள் ஒன்பது வீடு பார்த்துவிட்டேன்.

ஒன்பதாவது வீடு புஞ்சாக் ஆலாமில், அரசாங்கம் குறைந்த வாடகைக்கு விடும் ஐந்து மாடிக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் கிடைத்தது. லிப்ட் கிடையாது. தனி ஆள், நல்ல கால்கள், எனக்குப் போய்க் கீழ்வீடு. குலுக்கலில் விழுந்தது, நான் என்ன செய்ய என்று கேட்பவர்களிடம் சொல்வேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்வேன்.

வேலை ராவாங்கில், போட்டோஸ்டாட் கடையில். அரசாங்க அலுவலகங்களுக்கு எதிரே இருக்கும் கடை என்பதால் வருகிறவர்கள் பாதிப் பேர் கையில் விண்ணப்பப் பாரத்தோடு வருவார்கள். நகல் எடுத்த கையோடு, மலாயில் நிரப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். நிரப்பிக் கொடுப்பேன். அப்படித்தான் வீடு மாற்றிக்கொடுக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. வாடகை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் மனமொத்து எழுதிக் கொடுத்து, அலுவலகமும் சம்மதித்தால், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் மாறிக்கொள்ளலாம். சட்டம் சுலபம். அந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கிள்ளானிலிருந்து ராவாங் வரை இப்போது ஒரே பட்டணம். இந்த மூலையில் அழுகிறவருக்கு அந்த மூலையில் அழுகிறவரைத் தெரியாது.

நான் ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் மேலே இருப்பவர்கள், வலது பக்கம் கீழே இருப்பவர்கள். யாருக்கு எந்த ஊர் வேண்டும், பிள்ளைக்கு எந்தப் பள்ளி, வேலை எங்கே, வாசல் எந்தத் திசை. தெற்குப் பார்த்த வாசல் என்றால் நம் ஆட்கள் பாதிப் பேர் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். ஜாதகம் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை வீட்டுத் தரகர் என்று கேலி செய்வார்கள். கல்யாணத் தரகருக்காவது ஒரு வேட்டி கிடைக்கும், எனக்குத் தொண்டைத் தண்ணீர்தான் வற்றுகிறது என்பேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகலாம், எந்த வீட்டிலும் உட்கார வேண்டியதில்லை.

அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான் லோரிக்காரர் வீடு. ராவாங்கில், ஐந்தாம் மாடி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். இருபத்தைந்து வருடம் மணல் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி வந்து, காலில் புண் வந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி பக்கத்துப் பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறார். நான் முதல் முறை போனபோது அவர் ஜன்னலோரம் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீழே நிற்கும் லோரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிதான் அவருக்கு லிப்ட். மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் அதைக் கயிற்றால் கட்டி, அவரை உட்கார வைத்து, படிப்படியாக இறக்குவார்கள். இறக்கியவர்கள் ஏற்றவும் வேண்டும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற நாள் எது என்று கணக்குப் பார்த்துத்தான் அவருக்கு உடம்பே சரியில்லாமல் போக வேண்டும்.

மருத்துவமனையில் செயற்கைக் கால் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் வாரம் இரண்டு முறை வந்து பயிற்சி செய்ய வேண்டும். முறை வந்தபின் இரண்டு தடவை வராமல் போனால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். முறை ஆகஸ்டு முதல் வாரத்தில். வாரம் இரண்டு முறை நாற்காலி தூக்க ஆள் கிடையாது. அதற்குள் அவர் ஒரு கீழ்வீட்டுக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் காலும் இல்லை. இதை அவர் மனைவி என்னிடம் சொன்னபோது அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை.

எனக்கு உடனே பொருத்தம் தெரிந்துவிட்டது. புஞ்சாக் ஆலாமில் எனக்குப் பக்கத்து பிளாக்கில், கீழ்வீட்டில், கணவரைப் பிரிந்து மகளோடு இருக்கும் ஒரு பெண். ராவாங் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன் இரண்டு பேருந்து மாறிப் போகிறவள். ஐந்தாம் மாடியென்றால் என்ன அக்கா, ஏறினால் உடம்பு குறையும் என்று சிரித்தாள். அலுவலகத்துக்கு நான்கு பேருமாகப் போனோம். தப்பு, மூன்று பேர்; அவரால் வர முடியாது, கைரேகையும் மருத்துவக் கடிதமும் வந்தன. அதிகாரி என் வயதுள்ள மலாய்க்காரப் பெண்மணி. எல்லாம் படித்துவிட்டு, சரிதான், இரண்டு வீட்டையும் நேரில் பார்த்துவிட்டுக் கடிதம் தருகிறேன், கடிதம் வரும்வரை அவரவர் வீட்டில் அவரவர் இருங்கள் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

அங்கேதான் ஆடி மாதம் குறுக்கே வந்தது. லோரிக்காரர் மனைவி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: ஆடியில் குடிபோக மாட்டேன், ஏற்கெனவே ஒரு கால் போயிருக்கிறது. ஆடி பிறக்க நான்கு நாள்தான் இருந்தது. கடிதம் அதற்குள் வராது. ஆடி முடியும்வரை காத்திருந்தால் மருத்துவமனை முறை போய்விடும். அவர் அழவில்லை, அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒருவர் சும்மா இருக்க முடியாமல் தவிக்கும்போது எனக்கும் கை பரபரக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“பால மட்டும் போய்க் காச்சிட்டு வந்துருங்கலா. காச்சிட்டா குடிபோன மாதிரிதான். சாமான அப்புறம் எப்ப வேணும்னாலும் ஏத்திக்கலாம்,” என்றேன்.

இது நான் கண்டுபிடித்த வழியில்லை. நம் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதான். நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, வசதிப்பட்ட நாளில் குடியேறுவார்கள். தொழிற்சாலைப் பெண்ணும் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தாள். தனக்கும் ஆடிக்கு முன் காய்ச்சிவிட வேண்டும் என்று ராவாங் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் பொங்கியது. புஞ்சாக் ஆலாமில் நானே நின்று மாவிலை கட்டினேன். நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தோம். சாமி படத்தை மறுபடி எடுத்துப் போவானேன் என்று ஆணியடித்து மாட்டியே விட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். புது ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று எல்லாருக்கும் நானே வாய் நிறையச் சொன்னேன்.

மறுநாள் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார்.

சொல்லிவிட்டு வரவில்லை, சொல்லிவிட்டு வந்தால் அது பார்வையிடுவது ஆகாது. வாசலில் மாவிலை. உள்ளே வேறொருவர் வீட்டுச் சாமி படம். பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டிருக்கிறார். புது வாடகைக்காரர்கள் நேற்றே வந்துவிட்டார்கள், பொங்கல்கூடக் கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள் என்று அவர் நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார். கடிதம் இல்லாமல் சாவி கைமாறினால் வீட்டை விற்கிறார்கள் என்றுதான் அலுவலகத்தில் அர்த்தம். இரண்டு குடும்பத்துக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாற்றம் ரத்து.

நான் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். பாலைப் பற்றி விளக்கினேன், ஆடியைப் பற்றி விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எங்களுக்கும் நல்ல நாள் உண்டு, ஆனால் கடிதம் கைக்கு வந்தபிறகுதான் பார்ப்போம் என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் இரக்கத்தோடு சொன்னார்: இந்த இரண்டு வீட்டுக்கும் இனி இல்லை, வேறு கீழ்வீட்டுக்காரர் யாராவது சம்மதித்தால், மருத்துவக் காரணத்துக்காக அந்த மனுவை நானே முதலில் பார்க்கிறேன். யார் வீட்டிலும் யாரும் எதையும் காய்ச்ச வேண்டாம் என்றார்.

தொழிற்சாலைப் பெண் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வாசலில் நான் தெரிந்தால் கதவைச் சாத்தினாள். மகளோடு தெருவில் நிற்க வேண்டியிருக்குமோ என்று பயந்தவளை நான் எப்படிக் குறை சொல்வது. குற்றம் என்னுடையது. அதைச் சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். நான் மோட்டாரை எடுத்தேன்.

மருத்துவமனை முறைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நோட்டின் வலது பக்கத்தில் இருந்த ஒவ்வொரு கீழ்வீட்டுக்கும் போனேன். கோலா குபு பாருவில் ஒரு வீடு. அந்தக் குடும்பத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் கெர்லிங்கில், ராவாங் அவர்களுக்கு வெளிநாடு மாதிரி. கோலா சிலாங்கூரில் ஒன்று. அங்கே ஒரு சீனத் தம்பதி, இருவருக்கும் எழுபது வயது, நான் கேட்கவே இல்லை, தேநீர் குடித்துவிட்டு வந்தேன், அதுவும் நின்றுகொண்டே. இன்னொரு வீட்டில் சம்மதித்தார்கள். மறுநாள் அவர்கள் மகன் போன் செய்து, அம்மாவுக்கு மூட்டு வலி, ஐந்தாம் மாடிக்கு அனுப்பப் பார்க்கிறாயா என்று சத்தம் போட்டான். மழையில் நனைந்தேன், வெயிலில் காய்ந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்வரை எதையோ செய்துகொண்டிருக்கிறேன் என்றிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை பெட்ரோல் போட்டேன்.

எட்டு நாள் மிச்சமிருக்கும்போது லோரிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வேலைக்குப் போயிருந்தார். தேடுகிறேன், விடமாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். அவருக்குப் பொழுது போக வேண்டுமே. எனக்குத் தண்ணீர் தாகம். உள்ளே போய்க் குடித்துவிட்டு வந்தபோது வலது பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம்வரை போனார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து மறுபடி பார்த்தார்.

“எல்லாக் கீழ்வூடும் எழுதியிருக்கீங்க அக்கா,” என்றார். “ஒங்க வூடுதான் இல்ல.”

கேட்கவில்லை. சும்மா சொன்னார். பிழை திருத்துகிறவர் மாதிரி. நோட்டை மூடி என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஐந்து மாடிப் படியையும் திட்டிக்கொண்டே இறங்கினேன். என்ன நன்றி கெட்ட மனிதன், இவனுக்காக எத்தனை நாள் அலைந்தேன், என் வீட்டைப் பேச இவன் யார். மோட்டாரில் ஏறியும் திட்டினேன். புஞ்சாக் ஆலாம் வந்து சேர்ந்தபோது திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. கதவைத் திறந்து உள்ளே போய் நடுவீட்டில் நின்றேன்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வீட்டிலும் நாங்கள் பெட்டிகளை முழுக்கப் பிரித்ததில்லை. எப்போது போகச் சொல்வார்களோ என்று அம்மா இரண்டு பெட்டியைக் கட்டியபடியே வைத்திருப்பார். அவர் போனபிறகு நானும் அப்படியே வைத்திருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு மத்தியானம் காரணமே இல்லாமல் அந்தப் பெட்டிகளைப் பிரித்தேன். உள்ளே பழைய போர்வையும் பித்தளைச் சாமானும்தான். அவற்றை அலமாரியில் அடுக்கிவிட்டு, பெட்டி அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். இங்கே நான் நன்றாகத் தூங்குவேன். ஊரெல்லாம் சுற்றுகிறவளுக்குத் திரும்பி வந்து படுக்க ஓரிடம். அதனால்தான் நோட்டில் எழுதவில்லை. மறந்து போகவில்லை. முதல் நாள் கோடு கிழித்தபோதே, என் வீடு இதில் கிடையாது என்று முடிவு செய்துதான் எழுத ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் எனக்கே ஒரு பாரம் நகல் எடுத்தேன். எத்தனையோ பேருக்கு நிரப்பியிருக்கிறேன். கை தானாகப் போகும். மாற்றம் கேட்பதற்கான காரணம் என்ற கட்டத்தில் நின்றுவிட்டது. இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். கடைசியில் வேலை இடத்துக்கு அருகில் என்று எழுதினேன். அது பொய்யில்லை. அதிகாரி அதைப் படித்தார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நிஜமாகத்தானா என்று கேட்டார். சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் மனசு மாறுகிற ஆள் என்றேன். ஆறாவது நாள் கடிதம் கொடுத்தார்.

நடு ஆடியில் வீடு மாறினோம். லோரிக்காரர் மனைவி இந்த முறை ஆடி என்று தடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, பால் இல்லாமல் எப்படி என்று முணுமுணுத்தார். நாற்காலியில் இருந்தபடி அவர் கணவர்தான் பதில் சொன்னார்.

“அதான் பக்கத்து பிளாக்குல காச்சியாச்சே. ஆவி இங்கயும் வந்திருக்கும்லா.”

அன்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அவர் என் வாசற்படியில் வலது பாதத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். நான் நன்றி கேட்கும் மனநிலையில் இல்லை. கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். ராவாங் வீட்டுச் சமையலறையில் அடுப்புத் திட்டின் மேல் ஒரு பழுப்புக் கறை இருந்தது. தொழிற்சாலைப் பெண் தனக்காகக் காய்ச்சிய பால் பொங்கி வழிந்து தீய்ந்த இடம். அதைத் தேய்த்துத் தேய்த்து, போகாமல், திட்டின் மேலேயே சாய்ந்து அழுதேன். என் வீடு போயிற்று என்றுதான் அழுதேன். சாமான் கட்டி வந்த பெட்டிகளில் இரண்டைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கதவு தட்டும் சத்தம். திறந்தால் லோரிக்காரர். நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலில். நீளக் காற்சட்டை, இரண்டு பாதத்திலும் புதுச் சப்பாத்து, சட்டை முழுக்க வியர்வை. பழைய கூட்டாளியின் லோரியில் வந்தாராம். கீழே அது நிற்கிறதாம். கூட்டாளி தடுத்தும் கேட்காமல் ஏறியிருக்கிறார். ஐந்து மாடிக்கு முக்கால் மணி நேரம்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, நோட்டு எங்கே என்றார்.

“எழுதிக்குங்க அக்கா. புஞ்சாக் ஆலாம்ல கீழ்வூடு ஒண்ணு இருக்கு. நான்தான் இப்ப ஏறுறேனே. ஒங்களுக்கு வேணும்னா திருப்பி எடுத்துக்குங்க.”

என் மனசு ஒரு நிமிடம் அந்த அலமாரிவரை போய் வந்தது. அதை மறைக்க மாட்டேன். நோட்டைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். காற்சட்டையை மடித்து, செயற்கைக் காலைக் கழற்றிப் பார்த்தால் அது பொருத்தியிருந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. ஏறத்தான் கற்றுக்கொடுத்தார்களாம், ஐந்து மாடி ஏறச் சொல்லித் தரவில்லையாம். இனி ஒரு படிகூட இறங்க முடியாது. எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலில், முட்டாள், முட்டாள் என்று சொல்லிக்கொண்டே துணியை நனைத்து வைத்தேன். அவர் சிரித்தார். நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

மாடிப்படியில் நின்று கத்தினேன். அதே நான்கு பேரில் மூன்று பேர் வீட்டில் இருந்தார்கள், நான்காவது ஆளாகக் கூட்டாளி மேலே வந்தார். சிவப்பு நாற்காலி இப்போது புஞ்சாக் ஆலாமில் இருந்ததால் என் வீட்டு நாற்காலியையே கயிற்றால் கட்டினார்கள். மறுபடியும் அவரைத் தூக்கி, மறுபடியும் படிப்படியாக. கழற்றிய காலை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சப்பாத்தின் கயிறு நன்றாக முடிச்சுப் போட்டிருந்தது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன். எனக்கு வேகமாகத்தான் இறங்கத் தெரியும். அன்று ஒவ்வொரு படியாக, நின்று நின்று, அவர்கள் வேகத்துக்கு இறங்கினேன்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பினார்.

“கீழ போட்டுறாதீங்க அக்கா. அது ஒங்க வூடு.”

லோரியில் அவரை ஏற்றி உட்கார வைத்து, காலை அவர் மடியில் வைத்துவிட்டு, லோரி திரும்பும்வரை அங்கேயே நின்றேன். பிறகு மேலே ஏறிவந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்து, கட்டை அறுக்கக் கத்தியைத் தேடினேன்.